ஊராட்சி மன்றத் தலைவரான பெண் தன் பதவியைத் தானே நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் தலைவர் பதவிகளில் சரிபாதி இன்று சட்டப்படி பெண்களுக்கு உரியது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளின் உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அதையொட்டி இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் 1996-இல் முதல் தேர்தல் நடந்தது. 2016-இல் இந்த ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரே காலத்தில் தலைவர்களாக இருக்க இது வழி செய்கிறது. ஆனால் பல ஊர்களில் கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க, கூட்டத்தை நடத்துவதும், ஒப்பந்தக்காரரிடம் பேசுவதும், வட்டார வளர்ச்சி அலுவலரின் (பி.டி.ஓ.) அலுவலகத்துக்குப் போய் வருவதும் கணவரோ மகனோ மைத்துனரோதான். தலைவராகப் போட்டியிட எண்ணும் பெண்ணுக்காகவும், வெற்றி பெற்ற பிறகு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் பெண்ணுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

பெண் ஒருவர் அந்த இடத்தில் இருப்பதால் ஊருக்கு என்ன மாறுகிறது என்ற கேள்வி நியாயமானது. உங்களிடம் வாக்குக் கேட்க வரும்போது ஊரார் இதைக் கேட்கவும் செய்வார்கள். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர் காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தால், ஏழு மணிக்கே களையெடுக்கப் போய்விட்ட பெண்ணின் குடம் குழாயடியில் காலியாகவே இருக்கும். பின்னிரவு மூன்று மணிக்குத் திறந்தால் அவளோ அவள் மகளோ தூக்கத்தை விட்டுவிட்டு எழுந்து காத்திருக்க வேண்டும். தொட்டிக்கு அருகில் உள்ள தெருக்களில் மின்மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்றால், குழாயின் கடைசியில் இருக்கும் காலனித் தெருவுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். தண்ணீர் பிடிப்பவர்கள் யாரும் இல்லாத மன்றத்தில் இவ்வளவும் ‘குடிநீர் விநியோகம் சீராக உள்ளது’ என்ற ஒற்றை வரிக்குள் மறைந்துவிடும். மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிரம்புகிறது, ஆகவே குறை இல்லை என்று பதிவாகிவிடும். எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு, எவ்வளவு நேரம் என்ற கேள்விகள் குடம் சுமந்தவருக்கு இயல்பாக வரும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் எந்தெந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது ஏறக்குறையக் குலுக்கல் போலவே முடிவானதால், ஒதுக்கப்பட்ட ஊர்களையும் ஒதுக்கப்படாத ஊர்களையும் நேரடியாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும், பின்னர் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டஃப்லோவும் அந்த ஒப்பீட்டை 2004-இல் வெளியிட்டார்கள். இரு மாநிலங்களிலும் பெண்கள் அதிகமாக முறையிட்டது குடிநீருக்காக. பெண் தலைவர்கள் இருந்த ஊராட்சிகள் குடிநீருக்கு அதிகமாகச் செலவிட்டிருந்தன. மேற்கு வங்கத்தில் சாலைப் பணிகளும் பெண்களின் கோரிக்கையாக இருந்தன, அங்கே பெண் தலைவர்களின் ஊர்களில் சாலைகளும் கூடின. ராஜஸ்தானில் சாலையை அதிகம் கேட்டவர்கள் ஆண்கள், அங்கே பெண் தலைவர்களின் ஊர்களில் சாலைச் செலவு குறைந்திருந்தது. அதாவது யாருடைய குறை மன்றத்துக்குள் போகிறதோ அதற்கேற்ப ஊராட்சியின் பணம் திசை மாறுகிறது. தலைவர் பெண்ணாக இருந்த மேற்கு வங்க ஊர்களில் கிராமக் கூட்டத்துக்கு வரும் பெண்களின் பங்கும் கூடியிருந்தது.

2012-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மேற்கு வங்கத்தின் 495 கிராமங்களைப் பார்த்தது. அடுத்தடுத்து இரண்டு முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில், மகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பெற்றோர் கொண்டிருந்த எதிர்பார்ப்புக்கும் மகனைப் பற்றிய எதிர்பார்ப்புக்கும் இடையிலான தூரம் குறைந்திருந்தது. படிப்பில் ஆண் பெண் பிள்ளைகளுக்கு இடையில் இருந்த வேறுபாடு மறைந்திருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவழிக்கும் நேரமும் குறைந்திருந்தது. இரண்டு முறை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுச் சுழற்சி பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதாவது இரண்டு தேர்தல்களுக்கு ஒருமுறை மாறும் முறையில் அமைந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் கற்றுக்கொண்டதை அடுத்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்தும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்தே முதல் முறை மனுத் தாக்கல் செய்யுங்கள்.

வேட்புமனுவுக்கு முன்

இந்தக் கட்டம் பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. 21 வயது நிறைந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியலில் உங்கள் பெயரும் கணவர் அல்லது தந்தை பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றில் பாக்கி இல்லாமல் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் இனப் பெண்களுக்கான இடமாக இருந்தால் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கான வைப்புத்தொகை 600 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 300 ரூபாய். தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரண்டு தேர்தல்களும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை என்பதால் கட்சியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் செலவுக் கணக்கை முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், தவறினால் பிறகு போட்டியிடும் உரிமையே பறிபோகலாம்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. சில ஊர்களில் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு என்று சொல்லி ஏலம் விடுகிறார்கள். பெண்களுக்கான இடம் என்றால் அதிகத் தொகை கேட்டவரின் மனைவி போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார். இப்படி வரும் பதவியில் அந்தப் பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே குரல் இருக்காது, ஏனெனில் அந்தப் பணம் கொடுத்தவர் அதை ஊராட்சியின் வேலைகளிலிருந்து திருப்பி எடுக்கவே பார்ப்பார். இது தேர்தல் குற்றம். ஊர்க் கூட்டத்தில் இப்படிப் பேச்சு எழுந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். தனியாகச் செய்ய அச்சமாக இருந்தால் மகளிர் சுய உதவிக் குழுவில் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

முதல் மாதம்: கையெழுத்தும் பதிவேடுகளும்

பதவியேற்றவுடன் மாலைகளும் வாழ்த்துகளும் வரும் நாட்களிலேயே உங்கள் முன் காகிதங்களும் நீட்டப்படும். ‘இங்கே போடுங்கம்மா’ என்று விரலால் இடம் காட்டப்படும். அந்த இடத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுவது உங்கள் ஐந்தாண்டுகளையும் தீர்மானிக்கும் பழக்கம். எழுத்து வேகமாக வராதவர் என்றால் வெட்கப்படாமல் செயலரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அருகில் நீங்கள் நம்பும் ஒரு வார்டு உறுப்பினர் இருந்து கேட்கட்டும். ஊராட்சி செயலர் பல ஆண்டுகளாக அதே ஊரில் இருப்பவர், விவரம் அறிந்தவர். அவரைப் பகைத்துக்கொண்டு எதையும் நடத்த முடியாது, அவரிடமே எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் நடத்த முடியாது.

தீர்மானப் புத்தகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மன்றக் கூட்டம் முடிந்ததும் அன்றைய தீர்மானங்கள் எழுதப்பட்டு, தலைவரும் உறுப்பினர்களும் கையெழுத்திடுவது முறை. நடைமுறையில் பக்கத்தின் அடியில் முதலில் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு, மேலே உள்ள இடத்தைப் பிறகு நிரப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. நீங்கள் இல்லாதபோது அந்த இடைவெளியில் ஒரு தெருவிளக்குக் கொள்முதலோ, ஒரு மனைப்பிரிவு அனுமதியோ ஏறிவிடலாம். தணிக்கையில் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே தீர்மானங்களுக்கு வரிசை எண் இடச் சொல்லுங்கள், கடைசித் தீர்மானத்தின் கடைசிச் சொல்லை ஒட்டிக் குறுக்கே கோடு இழுங்கள், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே தேதியோடு கையெழுத்திடுங்கள், எழுந்திருப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். இதைச் செய்யும் தலைவரிடம் வெற்றுப் பக்கத்தை நீட்டும் வழக்கம் இரண்டு மூன்று கூட்டங்களிலேயே நின்றுவிடும்.

வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் இதே வகைதான், இதைவிட ஆபத்தானது. இப்போது பெரும்பகுதிப் பணம் இணையவழியில் போகிறது என்பதால் ஆபத்து நீங்கிவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியம் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தின் வழியாகச் செலவாகிறது. அதற்கு உங்கள் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் பதிந்த சிறு சாவி ஒன்று தரப்படும். அந்தச் சாவியும் அதன் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கிறதோ அவரே ஊராட்சியின் பணத்தைச் செலவழிப்பவர். அது செயலரின் மேசை இழுப்பறையிலோ கணவரின் சட்டைப்பையிலோ ஒப்பந்தக்காரரின் அலுவலகக் கணினியிலோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு பணம் வழங்கலின்போதும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள், முடிந்ததும் நீங்களே எடுத்து வாருங்கள். வங்கிக் கணக்கோடு உங்கள் கைபேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிக்கு நேரில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் முந்தைய தலைவரின் எண்ணோ கணவரின் எண்ணோதான் அங்கே இருக்கும்.

பதிவேடுகளில் முதலில் கேட்க வேண்டியவை ரொக்கப் பதிவேடு, செலவுச் சீட்டுகள், வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, வேலைகளின் எஸ்டிமேட்டும் அளவுப் புத்தகமும் ஆகியவை. அளவுப் புத்தகத்தில் ஓவர்சியர் எழுதியிருக்கும் நீளத்தை வேலை நடந்த தெருவில் ஒரு டேப்பைப் பிடித்து அளந்து பார்க்கலாம். இதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. 15-ஆவது நிதி ஆணையத்தின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிக் கட்டப்பட்டது. தண்ணீருக்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், இப்படிக் கட்டப்பட்ட தொகை எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

துணைத் தலைவர் கையெழுத்திட மறுக்கும்போது

ஊராட்சிகள் சட்டத்தின் 188-ஆம் பிரிவின்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் கையெழுத்தும் வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் இனப் பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட ஊரில், அதுவரை ஆண்டு வந்தவர்கள் துணைத் தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டாவது கையெழுத்தை வைத்து ஊராட்சியை முடக்குவது எல்லோரும் அறிந்த வழி. தூய்மைப் பணியாளரின் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுதுபார்த்தவருக்குப் பணம் போகாது, ஊரார் உங்களைத் திட்டுவார்கள்.

இந்த நிலை வந்தால் வாய்ப்பேச்சில் காலத்தைக் கடத்தாதீர்கள். எந்தத் தேதியில், எந்தச் செலவுக்கு, எந்தத் தீர்மானத்தின்படி கையெழுத்துக் கேட்கப்பட்டது என்று எழுதித் துணைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பையும் சட்டப்படி வகிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். கொடுத்த மனு ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நின்றுபோன சம்பளங்களையும் பழுதான மோட்டார்களையும் மனுவில் பெயரிட்டுப் பட்டியலிடுங்கள். ‘ஒத்துழைப்புத் தரவில்லை’ என்று பொதுவாக எழுதிய மனு கோப்பில் தூங்கும், ‘மூன்றாவது வார்டில் இத்தனை நாட்களாகத் தண்ணீர் இல்லை’ என்ற மனுவுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘உன்னை இறக்கிவிடுவோம்’ என்று ஊரில் மிரட்டுவது எளிது, சட்டத்தில் அது எளிதன்று. 205-ஆம் பிரிவின்படி தலைவரை நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்து ஆட்சியர் விளக்கம் கேட்க வேண்டும், வட்டாட்சியர் கூட்டம் கூட்டி மன்றத்தின் கருத்தைப் பெற வேண்டும். அத்தகைய நோட்டீஸ் வந்தால் அஞ்சி ஒதுக்கிவைக்காதீர்கள். குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு வழக்கறிஞரின் துணையோடு எழுத்தில் பதில் கொடுங்கள். மேலே சொன்ன கைபேசிப் படங்களும் ஒப்புகைச் சீட்டுகளும் அன்று உங்களைக் காக்கும்.

கிராம சபையைப் பெண்களின் சபையாகவும் ஆக்குவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அதற்குத் தலைமை தாங்குபவர் நீங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைந்தபட்ச வருகை. இந்த எண்ணிக்கை பல ஊர்களில் எப்படி நிரம்புகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைப் பணித்தளப் பொறுப்பாளர் அழைத்து வந்து தரையில் உட்காரவைப்பார், பதிவேட்டில் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கப்படும், முன்வரிசை நாற்காலிகளில் இருக்கும் பத்துப் பதினைந்து ஆண்கள் பேசி முடிப்பார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான வேலை நாட்கள் பெண்களுடையவை. ஆகவே சபையில் பெண்கள் ஏற்கெனவே பெரும்பான்மையினர். அவர்கள் பேசுவதற்கான ஏற்பாடுதான் இல்லை.

அந்த ஏற்பாடு கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் சுய உதவிக் குழுவின் வாராந்தரக் கூட்டத்துக்கு நீங்களே போய், இந்த முறை சபையில் எதைக் கேட்கப் போகிறோம் என்று பேசுங்கள். பத்துக் குறைகள் சொல்வார்கள். அவற்றில் ஊராட்சியால் செய்யக்கூடியவை எவை, மின்வாரியத்துக்கோ வருவாய்த் துறைக்கோ போக வேண்டியவை எவை என்று அங்கேயே பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் அதைச் சபையில் எழுந்து சொல்லும் ஒரு பெண்ணையும், வழிமொழியும் ஒரு பெண்ணையும் முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் முறை ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது குரல் நடுங்கும். பக்கத்தில் இன்னொருத்தி எழுந்து ‘ஆமாங்க, எங்க தெருவிலயும் இதே கதைதான்’ என்று சொன்னால் நடுக்கம் போய்விடும். அடுத்த சபையில் அவள் தானாகவே எழுவாள்.

உட்காரும் முறையையும் கவனியுங்கள். நாற்காலி போட்டால் எல்லோருக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பாய் விரியுங்கள். கூட்டத்தை எந்தத் தெருவில் நடத்துவது என்பது சிறிய முடிவாகத் தோன்றும். ஒவ்வொரு முறையும் ஊரின் ஒரே கோயில் வாசலில் நடந்தால், அந்த வாசலுக்கு வரத் தயங்கும் தெருக்காரர்கள் எப்போதும் வெளியிலேயே நிற்பார்கள். குக்கிராமங்களுக்கு மாற்றி மாற்றி நடத்துங்கள், அவ்வாறு நடத்தவே அரசின் அறிவுறுத்தலும் உண்டு. தீர்மானத்தை வாசிக்கும்போது முந்தைய சபையின் தீர்மானங்களில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். நடக்காததற்குக் காரணம் சொல்லும் தலைவரை மக்கள் நம்புகிறார்கள் என்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வரவுசெலவுக் கணக்கைப் பலகையில் எழுதி வைப்பவர்மீது வதந்தியும் அதிகம் ஒட்டுவதில்லை.

வீட்டாரின் துணை எதுவரை

கணவர் வண்டியில் அழைத்துப் போவதும், இரவில் மோட்டார் எரிந்துவிட்டால் டார்ச் விளக்கோடு கூட வருவதும் துணை. மன்றக் கூட்டத்தில் அவர் அமர்வதும், ஒன்றிய அலுவலகத்தின் ஆய்வுக் கூட்டத்துக்கு உங்களுக்குப் பதிலாகப் போவதும், ‘தலைவர்’ என்ற பட்டத்தோடு சுவரொட்டியில் அவர் படம் பெரிதாக இருப்பதும் உங்கள் பதவியைப் பறிப்பது. மன்றத்தில் உறுப்பினர் அல்லாத உறவினர்கள் அமரச் சட்டத்தில் இடமில்லை. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் ஆறு மாதம் அமர்ந்து பழகியவரை எழுப்புவது கடினம். எல்லா உறுப்பினர்களின் உறவினர்களுக்கும் பொருந்தும் விதியாகச் சொன்னால் வீட்டிலும் சண்டை குறையும், மற்ற பெண் உறுப்பினர்களுக்கும் அதுவே பாதுகாப்பாகும்.

அதிகாரிகளும் இதில் பங்காளிகள். பி.டி.ஓ. அலுவலகத்திலிருந்து அழைப்பு கணவரின் எண்ணுக்கே போகிறது என்றால், உங்கள் எண்ணை எழுத்தில் கொடுத்து, இனி இதில் மட்டும் தொடர்புகொள்ளுமாறு கேளுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் முதல் வரிசையில் அமருங்கள், ஒரு கேள்வியாவது கேளுங்கள். பக்கத்து ஊராட்சிகளின் பெண் தலைவர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்வது பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு அரசாணை புரியாதபோது இரவு ஒன்பது மணிக்குக் கேட்க அங்கேதான் ஆள் கிடைக்கும். வீட்டு வேலையும் இதோடு சேர்ந்த விஷயமே. சமையலும் பிள்ளைகளும் மாட்டுத் தொழுவமும் முழுக்க உங்கள் தலையிலேயே இருந்தால், பிற பொறுப்புகள் மெல்ல மெல்ல இன்னொருவர் கைக்குப் போய்விடும். மனுத் தாக்கலுக்கு முன்பே வீட்டில் வேலைகளைப் பிரித்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியும் கொடியும் மறுக்கப்படும்போது

பட்டியல் இனப் பெண் தலைவர்களுக்கு இத்தனைக்கும் மேலாக ஒரு சுமை உண்டு. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு அதே மாதம் 20-ஆம் தேதி ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. 2011-இல் திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்தில், பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட முயன்ற தலைவர் கிருஷ்ணவேணி வெட்டப்பட்டுக் காதை இழந்தார். கழிப்பிடம் போன்ற அடிப்படைத் தேவைக்காகக்கூட ஒரு தலைவர் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தது என்பதைச் சட்டம் இயற்றுவோரும் அதிகாரிகளும் ஒருபோதும் மறக்கக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ ஆன ஊராட்சித் தலைவரையும் உறுப்பினரையும் அவர்களுடைய பணியைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. நாற்காலி தராதது, பெயர்ப்பலகையை மறைப்பது, அலுவலகச் சாவியைத் தர மறுப்பது ஆகியவற்றை ‘ஊர் வழக்கம்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நடந்த அன்றே தேதி, நேரம், அங்கிருந்தவர்களின் பெயர்களோடு எழுதிவையுங்கள். படம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களோடு வர இரண்டு பெண் உறுப்பினர்களாவது இருக்கும்படி முதல் மாதத்திலிருந்தே உறவை வளர்த்து வையுங்கள்.

பதவிக்காலம் முடியும்போது

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்றத்தால் ரத்தானபோது, தமிழ்நாட்டு ஊராட்சிகள் 2019 டிசம்பர் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போயிற்று. ஓர் ஒன்றியத்தின் ஊராட்சிகள் அனைத்தையும் ஒரே அலுவலர் பார்க்கும்போது, விடிகாலையில் தண்ணீர் வரவில்லை என்று போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்காது. இப்படிப்பட்ட இடைவெளியில்தான் பெண் தலைவர்கள் தொடங்கிவைத்த வேலைகள் கேட்பாரற்றுப் போகின்றன.

ஆகவே கடைசி ஆறு மாதங்களில் புதிய வேலைகளைத் தொடங்குவதைவிடத் தொடங்கியவற்றை முடிப்பதிலும், முடியாதவற்றை எழுதிவைப்பதிலும் கவனம் செலுத்துங்கள். எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது, எவ்வளவு பாக்கி, எந்தத் தீர்மானத்தின்படி என்று இரண்டு பக்கங்களில் எழுதி, பதிவேடுகளின் பட்டியலோடு தனி அலுவலரிடமோ அடுத்த தலைவரிடமோ ஒப்படைத்து, ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எதிரே கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் அதே நாளில் முறைப்படி ஒப்படைத்து அதற்கும் ரசீது பெறுங்கள், நீங்கள் பதவியில் இல்லாத நாளில் உங்கள் பெயரில் ஒரு ரூபாயும் போகக் கூடாது. நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடுகிறது. அன்று வாக்காளராகப் போய் அந்த இரண்டு பக்கங்களை விரித்து, ஒவ்வொரு வேலையும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.